மணற்பாறைக் கரை: கரிசலிலிருந்து மணப்பாடு வரை

தை மாதம் நெருங்கினால் திருவேங்கடம், சங்கரன்கோவில், ராஜபாளையம் பக்கத்துச் சாலைகளில் பச்சை வேட்டியும் பச்சைச் சேலையும் தெற்குப் பார்த்து நகரத் தொடங்கும். முன்னால் வேல் வைத்து அலங்கரித்த சின்ன வண்டி, அதில் ஒலிபெருக்கி, பின்னால் ஐம்பது அறுபது பேர். திருச்செந்தூர் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். பகல் வெயிலுக்கு மரத்தடியிலும் கல்யாண மண்டபத்திலும் ஒதுங்கிவிட்டு, ராத்திரியும் விடிகாலையுமாக நடப்பார்கள். போய்ச் சேர்ந்ததும் கடலில் முங்கி, நாழிக்கிணற்றில் குளித்து, தரிசனம் முடித்து, அன்றைக்கே பஸ் ஏறிவிடுவார்கள். கடல் எங்கே தொடங்குகிறதோ அங்கே நடை முடிந்துவிடும்.

இந்தக் கட்டுரை அந்த இடத்திலிருந்து தொடங்குகிற வழியைப் பற்றியது. திருச்செந்தூரிலிருந்து மணப்பாடு வரை, ஏறத்தாழ பதினெட்டு கிலோமீட்டர் கரை. தமிழ்நாட்டுக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் கூடுதலாக நீண்டு கிடந்தாலும், அதில் பெரும்பகுதி தட்டையான மணல்வெளி, உப்பளம், முகத்துவாரம். கடலை நேருக்கு நேர் பார்த்து நிற்கும் பாறைச் சரிவுகள் வெகு சொற்பம். குமரி மாவட்டத்து முட்டம் ஒன்று. திருச்செந்தூரும் மணப்பாடும் மற்ற இரண்டு. முட்டத்துக்குச் சினிமா புகழ் தேடித் தந்தது. மற்ற இரண்டையும் கோயிலாகவும் தேவாலயமாகவும் மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். அவற்றைத் தாங்கி நிற்கும் கல்லைப் பார்ப்பதில்லை. இந்தக் கரையில் எது எங்கே அமைந்தது, எது நிலைத்தது, எது இடிந்தது என்பதையெல்லாம் பெரும்பாலும் அந்தக் கல்தான் தீர்மானித்திருக்கிறது.

கல்லைப் பற்றிய பேச்சைக் கழுகுமலையில் தொடங்குவது நல்லது. திருவேங்கடத்திலிருந்து தெற்கே நடக்கிறவர்களுக்கு முதலில் வரும் பெரிய மலை அதுதான், அங்கும் முருகன்தான். மேலே வெட்டுவான் கோயில் 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து இறக்கி, முடிக்காமலே விட்டுவிட்ட ஒற்றைக்கல் கோயில். பக்கத்துப் பாறையில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள். பராந்தக நெடுஞ்சடையன் காலத்துக் கல்வெட்டுகளும் அங்கே உண்டு. ஆயிரத்து இருநூறு ஆண்டு வெயிலும் மழையும் பட்டும் விமானத்து உமாமகேசுவரரின் விரல்கள் மழுங்கவில்லை. கருங்கல்லின் குணம் அது.

அங்கிருந்து நெல்லை வழியாகப் போகிறவர்கள் பாளையங்கோட்டை தாண்டித் திருச்செந்தூர் சாலையில் ஏறினால், ஸ்ரீவைகுண்டத்துக்கு முன்பே ஆதிச்சநல்லூர்ப் பரம்பு வந்துவிடும். 114 ஏக்கர் இடுகாடு. 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டினார். 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ தோண்டி, முதுமக்கள் தாழிகளோடு இரும்புக் கருவிகளும் வெண்கலப் பொருட்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் எடுத்தார். கிடைத்தவற்றில் இரும்பு வேலும் வெண்கலச் சேவலும் இருப்பதைக் காட்டி, முருக வழிபாட்டின் வேர் இதுதான் என்று சொன்னவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். வேல் ஆயுதமும்தான், சேவல் வீட்டுப் பறவையும்தான். ஆனால் வேல் சுமந்த கூட்டம் ஒன்று, ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுப் பழைய வேல்கள் புதைந்த மேட்டை ஒட்டியே ஆண்டுதோறும் ராத்திரியில் கடந்துபோகிறது. சாலையிலிருந்து சில அடி இறங்கினால் பார்க்கலாம். இறங்குகிறவர் குறைவு.

சாலையை விட்டு வடக்கே ஏரல் பக்கம் ஒதுங்கினால் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம், கிரேக்க உரோமப் பயணக் குறிப்புகளில் பேர் பெற்ற ஊர். 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே செய்த அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு கி.மு. 785 என்று காலம் காட்டியது. இன்று கொற்கையில் நின்றால் அலையோசை கேட்காது; கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கரையை முன்னால் தள்ளிவிட்டது. பிறகு துறைமுகம் காயலுக்குப் போயிற்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பார்த்து வியந்த ஊர் அதுதான். அதுவும் தூர்ந்தது. இடையன்குடியில் இருந்த பாதிரியார் கால்டுவெல் இவ்விரு ஊர்களிலும் நடந்து திரிந்து, தோண்டிப் பார்த்து, எது கொற்கை, எது காயல் என்று 1870களில் அடையாளம் சொன்னார். ஆற்றுவாயில் நின்ற துறைமுகங்கள் ஒவ்வொன்றாகக் கடலை இழந்தன. பாறைமேல் நின்ற திருச்செந்தூரும் மணப்பாடும் இழக்கவில்லை.

அப்படியென்ன பாறை அது? கருங்கல் அல்ல. பழைய கடற்கரை மணல்மேடுகள்தான் இறுகிக் கல்லாகியிருக்கின்றன. மணலோடு சிப்பி, சங்கு ஆகியவற்றின் தூளும் கலந்திருக்கும். மழைநீர் அந்தத் தூளிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோகும்; நீர் வற்றும்போது சுண்ணாம்பு மணலுக்கு இடையில் படிந்து, மணியை மணியோடு ஒட்டவைக்கும். பல்லாயிரம் ஆண்டு இது நடந்தால் மேடு பாறையாகும். வெட்ட எளிது, குடைய எளிது, கரையவும் எளிது. உப்புக்காற்றில் வருகிற ஈரம் கல்லின் துளைகளுக்குள் புகுந்து காயும்போது உப்புப் படிகம் வளர்ந்து மணிகளைப் பிரிக்கும். மணப்பாட்டில் கடல் பார்த்த முகத்தில் கையை வைத்தால் விரல்நுனி போகிற அளவுக்குக் குழி குழியாக, தேனடை மாதிரி அரித்திருப்பது தெரியும். தேய்த்தால் மணல் கையோடு வரும். அடியில் அலை அறுக்கும். அறுத்த இடம் குகையாகும். குகை பெரிதானால் மேல்பாறை உட்காரும். இந்தக் கரையில் செங்குத்துச் சரிவு, குகை, சரிந்து கிடக்கும் பாளம் எல்லாம் இந்த ஒரே வேலையின் வெவ்வேறு கட்டங்கள்.

இன்னொன்று, இந்தப் பாறைக்குள் நல்ல தண்ணீர் நிற்கும். நாழிக்கிணறு கடலுக்குக் கூப்பிடு தூரம்கூட இல்லை. ஒரு பெரிய கிணற்றுக்குள் ஒரு சாணகலத்துக்குச் சற்றுக் கூடிய சின்னக் கிணறு, இருபத்துநாலு அடி ஆழம். சூரனோடு போரிட்ட படைக்குத் தாகம் தீர்க்க முருகன் வேல் ஊன்றியதால் பிறந்த ஊற்று என்பது தலமரபு. நீரியல் சொல்லும் காரணம் வேறு. துளையுள்ள மணற்பாறையில் இறங்கிய மழைநீர், உப்புநீரைவிட எடை குறைந்ததால் அதன்மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்ற கணக்கை, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்தின் கைபனும் அடுத்து ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்கும் தனித்தனியே கண்டு சொன்னார்கள். ஆனால் அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு ஏறிவிடும். சின்ன வாயும் கொஞ்சமாக மொள்ளும் வழக்கமும் அந்தக் கிணற்றைக் காத்திருக்கின்றன என்றே நினைக்கிறேன்.

சரிவு, குகை, நன்னீர். துறவிக்கும் மாலுமிக்கும் ஒருசேர வேண்டியவை இவை. உயரம் இருந்தால் தொலைவிலிருந்து அடையாளம் தெரியும். குகை இருந்தால் தங்கலாம். தண்ணீர் இருந்தால் நாள்பட இருக்கலாம். திருச்செந்தூரில் கோயிலுக்கு வடக்கே வள்ளி குகை இருக்கிறது. உள்ளே போக முதுகை நன்றாக வளைத்தாக வேண்டும். கூட்டம் மிகுந்த நாளில் காற்று போதாது. கோயிலுக்குள்ளேயே பள்ளிகொண்ட பெருமாள் சன்னதி பாறையில் குடைந்தது. கோயில் நிற்பது சந்தனமலை என்று பழைய பேச்சு. இன்று கட்டடம் சுற்றி வளர்ந்துவிட்டதால் மலை கண்ணுக்குத் தெரிவதில்லை. சங்க காலத் திருமுருகாற்றுப்படையே இத்தலத்தைப் பாடியிருப்பதால் இடத்தின் பழமையில் சந்தேகமில்லை. கட்டடத்தின் பழமைக்குச் சான்று இங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு. இரண்டாம் வரகுணன் காலத்தது, அதாவது 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். அரசன் 1400 பொற்காசை வெவ்வேறு ஊர்களிடம் பிரித்துக் கொடுத்து, முதல் அழியாமல் ஆண்டுதோறும் வட்டியாக நெல் அளந்து கோயில் செலவை நடத்தச் சொல்கிறான். வாங்கிய ஊர்களில் கொற்கையும் உண்டு. கழுகுமலைக் கல்வெட்டுகளின் நெடுஞ்சடையனுக்கு இந்த வரகுணன் பேரன். தாத்தா காலத்து வேலை கருங்கல்லில் அப்படியே இருக்கிறது. பேரன் காசு கொடுத்த கோயிலின் கட்டுமானத்தில் நாம் இன்று காண்பது மிகப் பெரும்பாலும் பிற்காலத்தது.

காரணம் கல்தான். மணற்பாறைச் சுவர்களை உப்புக்காற்று தின்றுகொண்டே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மௌன சுவாமி என்ற துறவி கருங்கல்லில் திருப்பணியைத் தொடங்கினார்; அவருக்குப் பின் காசி சுவாமி முதலானோர் தொடர்ந்தார்கள். எழுபதாண்டுக்கு மேல் இழுத்து, 1941இல்தான் குடமுழுக்கு நடந்தது. அதற்கும் முன்னால், 1640களின் இறுதியில், போர்ச்சுகீசியரோடு மல்லுக்கு நின்ற டச்சுக் கம்பெனியார் இந்தக் கோயிலையே கோட்டையாக்கி உட்கார்ந்தார்கள். பாறைமேல் மதில், முன்னால் கடல். படைக்காரன் கண்ணுக்கு அது கோட்டையாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. போகும்போது உற்சவ மூர்த்தியை எடுத்துப்போனதும், திருமலை நாயக்கரின் அதிகாரி வடமலையப்ப பிள்ளை கடலிலிருந்து மீட்டு 1653இல் மறுபடி எழுந்தருளச் செய்ததும் கோயில் மரபில் விரிவாக உண்டு.

கடல் ஓயவில்லை. 2017 டிசம்பரில் வெளிப்பிரகார மண்டபத்தின் ஒரு பகுதி இடிந்து ஒரு பெண் இறந்தார். புதிய திருப்பணிக்குப் பின் 2025 ஜூலை 7 அன்று குடமுழுக்கு நடந்தது. கோயிலுக்கு முன்னுள்ள மணல் சில பருவங்களில் ஆளுயரத்துக்கு அரித்துப் போய்விடுகிறது. அண்மையில் அப்படி அரித்தபோது தீர்த்தங்களின் பேர் பொறித்த பழைய கற்கள் வெளியே வந்தன. பக்தர்கள் முங்கிய தீர்த்தத் துறைகள் மணலுக்கடியில் கிடந்திருக்கின்றன.

திருச்செந்தூரை விட்டுத் தெற்கே கரையோடு இறங்கினால் அமலிநகர், ஆலந்தலை. பைபர் படகுகளும் வலைக் குவியல்களும் வழியை அடைத்துக்கொண்டிருக்கும். வலைமேல் கால் வைக்காமல் சுற்றிப் போவதுதான் முறை. அலை பின்வாங்கிய ஈர மணலில் கறுப்புக் கோடுகள் தெரியும், இல்மனைட். இடையில் இளஞ்சிவப்பாகத் தெரிவது கார்னெட். இந்தத் தாதுமணலுக்காகக் கரையையே அள்ளிக்கொண்டிருந்தார்கள். 2013இல் மாநில அரசு தடை போட்டது. கல்லாமொழியில் உடன்குடி அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரிப் பாலம் கடலுக்குள் நீள்கிறது. நடக்கிறவருக்கு இந்தப் பகுதி அழகில்லை. சீக்கிரம் கடந்துவிடலாம்.

குலசேகரன்பட்டினத்தைப் பொதுவாகத் தசராவுக்கே தெரியும். பழைய துறைமுகம், உப்பளம். 1942 போராட்டத்தில் லோன் என்ற வெள்ளை அதிகாரி கொல்லப்பட்ட வழக்கும் இந்த ஊர்ப் பேரில்தான். எனக்குப் பிடித்தது அதன் ரயில். பதநீர்க் கருப்பட்டியைச் சர்க்கரையாக்கப் பாரி நிறுவனத்தார் இங்கே ஆலை வைத்து, திருச்செந்தூரிலிருந்து குலசை, உடன்குடி வழியாகத் திசையன்விளைக்குக் குறுகிய தண்டவாளம் போட்டார்கள். 1910களில் ஓடத் தொடங்கி 1940இல் நின்றது. ஆலை போய், ரயிலும் போய், பனை நிற்கிறது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இங்கே கரையை விட்டு மேற்கே சில கிலோமீட்டர் உள்ளே போகவேண்டும். அதைச் செய்யாதவர் பாதி வழியை விட்டவர். தேரி அங்கேதான். குதிரைமொழித் தேரி, தேரிக்குடியிருப்பு, கற்குவேல் அய்யனார், அருஞ்சுனை காத்த அய்யனார். ரத்தச் சிவப்பு மணல் மேடு மேடாகக் கிடக்கும். மணிகளின்மேல் இரும்பு ஆக்சைடு பூச்சு. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வருகிற வறண்ட கச்சான் காற்று இந்த மணலைத் தூக்கி வீசும்; கண் திறக்க முடியாது. அதே காற்றுத்தான் அடி மணலை அரித்து, பழைய தரையை அங்கங்கே வெளியே காட்டும். அந்தத் தரையில் நகக்கண் அளவுக்குக் கல்சில்லுகள் கிடைக்கும். வெள்ளைப் படிகக்கல், தவிட்டு நிறச் செர்ட். சில பிறை வடிவம், சில கூர்முனை. கூர்முனைகளில் இரண்டு பக்கமும் அழுத்திச் செதில் எடுத்த அடையாளம் இருக்கும். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் பூட் 19ஆம் நூற்றாண்டிலேயே இவற்றைக் கண்டார். 1956இல் தொல்லியல் அறிஞர்களான சாய்னரும் ஆல்ச்சினும் சாயர்புரம், மெஞ்ஞானபுரம், புத்தன்தருவை உள்ளிட்ட இடங்களைச் சேர்த்து விரிவாக எழுதி, கடல்மட்டம் உயர்ந்திருந்த காலத்தோடு பொருத்தி ஏறத்தாழ கி.மு. 4000 என்று மதிப்பிட்டார்கள். கருவிகள் இலங்கையில் கிடைப்பவற்றை ஒத்திருந்ததையும் குறித்தார்கள். மணல்மேட்டில் குடியிருந்து காயலில் மீன் பிடித்த வேட்டுவர் என்பது அவர்கள் தீட்டிய சித்திரம். அந்தக் காலக்கணிப்பு மண்ணடுக்கையும் கடல்மட்டத்தையும் நம்பியது. நேரடி அளவீடு அல்ல. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கவேண்டும். சில்லைப் பார்த்தால் எடுக்காமல் விடுவது நல்லது. கிடந்த இடத்தை இழந்த சில்லு ஆய்வுக்கு உதவாது.

தேரியும் மணற்பாறையும் உறவுக்காரர்கள். இரண்டும் காற்று குவித்த மணல். சிப்பித்தூள் மிகுந்த கரையோரத்தில் சுண்ணாம்பு இறுக்கிப் பாறையாக்கியது. உள்ளே இரும்பு பூசிச் சிவப்பாக்கியது.

மணப்பாடு இந்த நடையின் முடிவு. நெடுந்தொலைவிலேயே தெரியும்: கடலுக்குள் நீட்டிய பாறைமுனை, மேலே வெள்ளைத் தேவாலயம், கலங்கரை விளக்கம். ஊரைச் சுற்றிக்கொண்டு கருமேனியாறு கடலில் விழுகிறது. முகத்துவாரத்து மணல்திட்டு ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். நடந்து கடக்கலாமா கூடாதா என்பதை ஊர்க்காரரைக் கேட்டே முடிவு செய்யவேண்டும். பரதவரின் ஏழு பெரிய ஊர்களில் ஒன்று இது. புயலில் தப்பிய போர்ச்சுகீசிய மாலுமி ஒருவன் நேர்ந்துகொண்டு 1540இல் இந்த மேட்டில் சிலுவை நட்டான் என்பது ஊர் மரபு. திருச்சிலுவை ஆலயம் 1581இல் எழுந்தது. செப்டம்பர் 14 திருவிழாவுக்குக் கரையெங்கிலுமிருந்து சனம் திரளும்.

ஆலயத்துக்குக் கீழே, கடல் பார்த்த முகத்தில், குகை. 1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் இதில் தங்கியதாக நம்பிக்கை. அவருக்கு முன்னால் சைவத் துறவி ஒருவரின் குகையாக இருந்தது என்றும் சொல்கிறார்கள். உள்ளே ஒரு கிணறு. அலை அடிக்கிற இடத்தில் நல்ல தண்ணீர். திருச்செந்தூரில் எண்ணிய மூன்றும் இங்கே மறுபடி வரிசையாக நிற்கின்றன: சரிவு, குகை, நன்னீர். சமயம் மாறியிருக்கிறது, இடத்தைத் தேர்ந்த காரணம் மாறவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததாக இதைப் படிக்கவேண்டியதில்லை. பாறை தந்ததை இருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

சவேரியார் பெரிய நடையாளி. 1544இல் மணப்பாட்டிலிருந்து தன் உடன்பணியாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதங்கள் அதற்குச் சாட்சி. வடுகர் படை தாக்கியதில் குமரிமுனைப் பாறைகளுக்கு ஓடிப்போன பரதவர் சோறு தண்ணீரில்லாமல் தவிக்கிறார்கள் என்று கேட்டு, இருபது வள்ளங்களில் உணவேற்றிப் புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. துடுப்புப் போட்டும் பயனில்லாமல் மணப்பாட்டுக்கே திரும்பி, பிறகு கரைவழியே நடந்து போனார். ஜூன் மாதக் கச்சானில் தெற்கே படகு செலுத்தியவர்களுக்கு இது புதுக்கதையல்ல. கரைப்பாதை அன்றைக்கும் இருந்தது. கடல் மறுத்தபோது மனிதர் அதில்தான் நடந்தார்கள்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடிய கடற்கரைப் பாதை இருக்கிறது. கடத்தல்காரரைப் பிடிக்க ஒவ்வொரு குடாவையும் எட்டிப் பார்க்கவேண்டியிருந்த காவலர் நடந்து நடந்து உண்டான தடம். அதனால்தான் அது சரிவின் விளிம்பை விட்டு விலகுவதே இல்லை. 2009இல் அந்நாட்டில் கடற்கரையை நடப்பவருக்குத் திறந்துவிடச் சட்டமே வந்தது. நம் கரையின் தடத்தை இட்டவர்கள் வலை சுமந்தவர்கள், கருப்பட்டி சுமந்தவர்கள், காவடி சுமந்தவர்கள். எந்தச் சட்டமும் அதை வழி என்று சொல்லவில்லை. ஊர்ச் சம்மதத்தில் நடக்கிறது.

அந்தச் சம்மதத்துக்கு இனி சோதனை. மணப்பாட்டுக்குத் தென்மேற்கே மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சி ஊர்களின் நிலத்தில், இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல், இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் எழுகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக எரிபொருள் வீணாகும். இங்கிருந்து நேரே தெற்கே போகலாம். காரணம் நியாயமானது. ஏவும் நாளில் கடலும் கரையும் மூடப்படும் என்ற மீனவர் கவலையும் நியாயமானது. மணப்பாட்டிலிருந்து பெரியதாழை, உவரி என்று நடையை நீட்ட நினைக்கிறவர்களுக்கும் அந்த வேலிதான் எல்லை.

நடக்க விரும்புகிறவர் மார்கழி பாதியிலிருந்து மாசி வரை போகலாம். வாடைக்காற்றுக் காலத்தில் முதுகில் காற்று வாங்க, திருச்செந்தூரிலிருந்து தெற்கே நடப்பது சுகம். பாறைச் சரிவின் விளிம்பில் நிற்கக் கூடாது, அடியில் அலை குடைந்திருக்கும். குகைக்கருகே போவதை அலை ஓய்ந்த நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பாதயாத்திரைக் குழுக்கள் தரிசனம் முடித்த மறுநாளை இதற்கு ஒதுக்கினால் போதும். மணப்பாட்டிலிருந்து திரும்ப பஸ் உண்டு. வழி கேட்க வேண்டியது ஆலந்தலையிலும் மணப்பாட்டிலும் உள்ள ஊர்க்கமிட்டிகளிடம். கரை பெருக்கி வலை காயப்போடும் நாள் எது, முகத்துவாரம் திறந்திருக்கிறதா, திருவிழாக் கொடி எப்போது ஏறுகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.